தொண்ணூறு நாள் அசையாத பொருள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருள் தொண்ணூறு நாள் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் அது குப்பை. அதன்மேல் சிவப்பு அட்டை ஒட்டிப் பின்பக்கக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். அலுவலகங்களைச் சுத்தமாக வைக்க வந்த 'ஐந்து ஒழுங்குத் திட்ட'த்தின் இரண்டாம் விதி இது. பேராசிரியர்களுக்கும் அவர்களுடைய நாற்காலிகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

நான் இங்கே இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளன், பெயர் குணாளன். மலேசியாவின் இந்த மூலையில் இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவி வருகிறேன். அதற்குள் ஐந்து துணைவேந்தர்களையும் ஒன்பது முழக்கவாசகங்களையும் பார்த்தாயிற்று. மாணவர்கள் என்னை அங்கிள் என்பார்கள். அதிகாரிகள் காரியம் ஆகவேண்டியிருந்தால் மலாயில் மரியாதையாக 'என்சிக் குணா' என்பார்கள், ஆகிவிட்டால் கூப்பிடவே மாட்டார்கள். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

மஸ்தூரா முனைவர் பட்டத்துக்குப் படித்த பெண். கிளந்தான் மாநிலத்தில் குவாலா கிராய் ஊர்க்காரி, அப்பா ரப்பர் மரம் சீவுகிறவர். கோப்பையில் வடிந்த ரப்பர்ப் பால் எந்த நொடியில் கட்டியாகிறது என்று சிறு வயதில் குந்தி உட்கார்ந்து பார்த்தவளாம். அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். பசை, நுரை, களி, ஜெல் போன்ற நெகிழ்பொருள்களின் இயற்பியல் அவளுடைய துறை. வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும், பாவம், எங்கள் விளம்பரப் பலகையை நம்பிவிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஒரு முடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடுக்கக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உருண்டைகள். அவற்றை ஒரு திரவத்தில் கலந்து வைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வலையாகிவிடும். பார்க்கப் பாலாடை மாதிரி இருக்கும். அந்த வலை தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நிற்கும். பிறகு ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் மடமடவென்று சரிந்துவிடும். ஏன் அன்றைக்கு, ஏன் முந்தின நாள் இல்லை என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடிக்க ஆறு குடுவை, ஆடாத ஒரு கல் மேசை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கேமரா, யாரும் தொடாமல் இருப்பது ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றையும் எங்கள் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் இழுத்தடித்தாவது கொடுத்தது. நான்காவது எங்களிடம் கிடையாது.

மஸ்தூராவுக்குச் செப்டம்பர் முப்பதுதான் கெடு. அதற்குள் ஆய்வேடு தராவிட்டால் கணினி அவள் பெயரைத் தானாகவே அழித்துவிடும். எங்கள் பல்கலைக்கழகத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நடக்கிற ஒரே காரியம் அதுதான்.

ஆறு குடுவைகளையும் ஒரே நாளில் கலக்கி வைத்தாள். தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை நான் வருவதற்குள் இரண்டைக் காணவில்லை. ஐந்து ஒழுங்குத் திட்டத்தின் மேற்பார்வையாளர் என்சிக் பட்ருல் சிவப்பு அட்டைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி மூணு நாளா அசையல. கேமராவுலயே ஆதாரம் இருக்கு. பாருங்க, மொத நாள் படமும் நேத்து படமும் ஒண்ணுபோலவே இருக்கு."

"அசையாம இருக்கணும்னுதான் வெச்சிருக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நூலகத்துலகூட இதே பேச்சுதான்."

"மிச்ச நாலு?"

"வண்டியில ரெண்டுக்குத்தான் இடம் இருந்துச்சு."

கொட்டகையில் போய்ப் பார்த்தோம். குலுங்கின குலுங்கலில் இரண்டும் வெறும் பாலாகிக் கிடந்தன. ஒரு தடவை குலுங்கினால் போச்சு, கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. மஸ்தூரா அழவில்லை, "இன்னும் நாலு இருக்கு அங்கிள்" என்றாள். அப்போது அவளுக்கு எங்களைச் சரியாகத் தெரியாது.

மூன்றாவது குடுவை முன்னேற்றக் கண்காணிப்புக் குழுவில் போயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாணவர்கள் முன்னேற்றத்தைக் காட்டவேண்டும். குழுவின் தலைவர் உயர்கல்வி நிலையத்தின் இயக்குநர் ஷம்ரின், 'டத்தோ' பட்டம் வாங்கியவர். அவருக்குப் பக்கத்தில் நிலையத்தின் துணைப்பதிவாளர் ரொஹாயு அம்மாள், மலாயில் 'புவான்' ரொஹாயு, படிவங்களோடு. மஸ்தூராவின் வழிகாட்டி பேராசிரியர் ஊய் அன்று வேறொரு கூட்டத்தில் இருந்தார். நல்ல மனிதர், கூட்டத்தில்தான் எப்போதும் இருப்பார். அவரை நான் கடைசியாக ஆய்வகத்தில் பார்த்தது, ஆய்வகம் எங்கே இருக்கிறது என்று ஒரு விருந்தாளிக்குக் காட்ட வந்தபோது.

நேரில் பார்க்காமல் முன்னேற்றத்தை நம்ப முடியாது என்று குடுவையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை நான் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் மஸ்தூரா தரவுப் படத்தைக் காட்டினாள். ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான்.

"ஒண்ணும் நடக்கல டத்தோ. அதுதான் நல்ல செய்தி. வலை இன்னும் தாங்குது."

டத்தோ கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒண்ணும் நடக்கலன்னு இவ்ளோ தைரியமா சொல்றியே, யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? நான் பதினோரு வருஷமா இந்த நிலையத்த நடத்துறேன். ஒண்ணுமே நடக்காத வருஷத்துலகூட ஒண்ணும் நடக்கலன்னு நான் எழுதினதே கெடயாது. அதுக்குன்னு ஒரு நடை இருக்கு. அதக் கத்துக்க."

"ஃபாரத்துல சதவீதம் போடணும் டத்தோ," என்றார் புவான் ரொஹாயு. "போன தடவ முப்பது. இந்தத் தடவ நாப்பத்தஞ்சு இருந்தாத்தான் கணினி ஏத்துக்கும்."

"அப்ப நாப்பத்தஞ்சு சதவீதம் விழுந்திருக்கணும், இல்லையா?" என்ற டத்தோ குடுவையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "விழலையே!" என்றார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு அது விழுந்தது. "ம், முன்னேற்றம் தெரியுது" என்று சொல்லிக் கீழே வைத்தார். மஸ்தூராவுக்கு அந்தப் பருவத்தில் அறுபது சதவீதம் போட்டார்கள்.

நான்காவது, சொத்துப் பதிவுக்காரர் எண் அட்டை ஒட்டினபோது கெட்டது. காற்றுக்குமிழி வராமல் இருக்கக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தார், கடமையுணர்ச்சியுள்ள மனிதர். மஸ்தூரா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சின பிறகு, மிச்சக் குடுவைகளை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டிகளின்மேல் எண்ணை ஒட்டிவிட்டுப் போனார். ஐந்தாவது தீயணைப்புப் பயிற்சியில் போனது. 'விலைமதிப்புள்ளதைக் காப்பாற்று' என்ற விதிப்படி பாதுகாப்பு அதிகாரி ஒரு குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திடல்வரை ஓடினார். இன்னொரு கையில் ஒலிபெருக்கி இருந்ததால் ஆறாவது தப்பித்தது. அவருக்கு நற்சான்றிதழ் கிடைத்தது, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஆக ஒரே ஒரு குடுவை, கண்ணாடிப் பெட்டிமேல் எண் 0617. கணக்குப்படி அது நானூறாம் நாளை ஒட்டி விழவேண்டும், அதாவது ஜூலை கடைசியில். விழுவதைக் கேமரா பார்த்துவிட்டால் மஸ்தூராவுக்குப் பட்டம், இல்லாவிட்டால் குவாலா கிராய்க்கு பஸ். அவள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மேசைக்கு எதிரே காவல் உட்கார்ந்துவிட்டாள். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவாள்.

முந்நூற்று எழுபத்தாறாம் நாள் டத்தோ எங்களைக் கூப்பிட்டார். 'நெகிழ்பொருள் உன்னத மையம்' திறக்கப்போகிறார்களாம். மையம் என்பது இரண்டாம் மாடியில் ஒரு காலி அறை, புதுக் கதவு, பித்தளைப் பெயர்ப்பலகை. துணைவேந்தர் வந்து திறந்து வைப்பார், அவர் டத்தோவுக்கும் மேலான 'டான்ஶ்ரீ' பட்டக்காரர். எங்கள் ஊரில் வெறும் நாடா வெட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள், திறப்பு வித்தை ஒன்று வேண்டும். போன வருடம் நூலகச் செயலியைத் தொடங்கி வைக்க டான்ஶ்ரீ ஒரு பெரிய பிளாஸ்டிக் முட்டையைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளேயிருந்து புறா பறக்கவேண்டியது, பறக்கவில்லை. அந்த அவமானத்தை இந்த வருடம் துடைக்கவேண்டியிருந்தது.

"டான்ஶ்ரீ குடுவமேல கைய வெப்பாரு," என்றார் டத்தோ. "வெச்ச ஒடனே ஜெல் விழணும். புகை கெளம்பணும். கொம்பாங் மேளம் முப்பது பேரு."

மஸ்தூரா முன்னால் நகர்ந்தாள். "டத்தோ, அது எந்த நாள், எந்த மணிக்கு விழும்னு எனக்கே தெரியாது. அதான் என் ஆராய்ச்சியே."

"நிகழ்ச்சி நிரல்ல பத்து நாப்பதுன்னு போட்டாச்சும்மா."

"மேளச் சத்தத்துல அதுபாட்டுக்கு முன்னாடியே விழுந்திடும் டத்தோ. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

"ஒரு நிமிஷம் டத்தோ," என்று புவான் ரொஹாயு குறுக்கிட்டார். நல்லவேளை, ஒருத்தருக்காவது மனம் இரங்கியது என்று நினைத்தேன். "விழறது நல்லா இருக்குமா? உலகத் தரவரிசையில நாம போன மாசம்தான் விழுந்தோம். பத்திரிகைக்காரங்க வேற வருவாங்க."

டத்தோ யோசித்தார். அவர் யோசிக்கும்போது ஏர்கண்டிஷனர் சத்தம் நன்றாகக் கேட்கும். "கரெக்ட். அப்ப விழக்கூடாது. டான்ஶ்ரீ கை வெச்சாலும், மேளம் அடிச்சாலும், ஆடாம நிக்கணும். 'உலகமே சரிஞ்சாலும் சரியாத பல்கலைக்கழகம்.' எழுதிக்குங்க புவான். ஏம்மா, ஆய்வேட்டுத் தலைப்புலகூட 'சரிவு'ன்னு ஒரு வார்த்த இருந்துச்சே, அத எடுத்துடு. நம்ம எடத்துல எதுவும் சரியறதில்ல."

வெளியே வந்ததும் மஸ்தூரா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கிள், நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்? ஒரு குடுவைய ஒரு வருஷம் தொடாம வெச்சிருங்கன்னுதானே கேட்டேன்?" என்றாள்.  இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் ஒரு திட்டம் போட்டேன்.

"மேடைக்கு வெள்ளையா, கெட்டியா, தளதளன்னு ஒண்ணு வேணும். அவ்ளோதானே?"

"அது பொய் இல்லையா அங்கிள்?"

"ஆய்வேட்டுல எழுதினாத்தான் பொய். மேடையில வெச்சா அது அலங்காரம். மேடையில வேற என்ன உண்மைய வெச்சிருக்காங்க?"

 மஸ்தூரா சரியென்று தலையை ஆட்டினாள்.

பல்கலைக்கழக வாசலில் ஆ சேங் மோட்டார் சைக்கிளில் தௌ ஃபூ ஃபா விற்பவர். சோயாப்பாலை உறையவைத்த வெள்ளை இனிப்பு, வாயில் போட்டால் கரைந்துவிடும். திறப்பு நாள் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு காலிக் குடுவையை அவரிடம் நீட்டினேன்.

"இதுலயே உறைய வெச்சுக் குடு. பாகு வேணாம்."

"பாகு இல்லாம யாரு சாப்புடுவா லா?"

"டான்ஶ்ரீக்கு."

"ஐயோ, சக்கர வியாதியா?" என்று அனுதாபப்பட்டு, இஞ்சித் துண்டு ஒன்று இலவசமாகக் கொடுத்தார்.

0617 என்ற எண் இருந்த கண்ணாடிப் பெட்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி ஆ சேங்கின் குடுவைமேல் கவிழ்த்தேன். நிஜக் குடுவையைச் சுற்றி ஒரு மின்விசிறி அட்டைப்பெட்டியை நிறுத்தி, கேமராவுக்கு ஒரு ஓட்டை போட்டோம். அதன்மேல் 'பழுது' என்று எழுதி வைத்தேன். எங்கள் இடத்தில் பழுதான பொருளை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் சரிசெய்யச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

வியாழக்கிழமை அரசு ஊழியர்கள் பாத்திக் உடுத்தும் நாள் என்பதால் எல்லாரும் பூப்போட்ட பாத்திக் சட்டையில் இருந்தார்கள். முப்பது கொம்பாங்கும் ஒரே நேரத்தில் முழங்கியபோது மண்டபத்துச் சன்னலெல்லாம் அதிர்ந்தது. தௌ ஃபூ ஃபா நடுங்கியது, ஆனால் விழவில்லை. ஆ சேங் கைப்பக்குவம் அப்படி. டான்ஶ்ரீ உள்ளங்கையை வைத்தார். புகை வந்தது, பின்வரிசை இருமியது. டான்ஶ்ரீ ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் கணக்குப்பதிவியல் படிச்சவன். இந்த இயற்பியல் எனக்குப் புரியாதுன்னு சில பேரு சொல்லுவாங்க. ஆனா தொட்ட ஒடனே எனக்குப் புரிஞ்சிருச்சு. உள்ளுக்குள்ள ஒரு சக்தி தெரியுது. நாலு வருஷமா இந்தப் பல்கலைக்கழகத்துல நானும் இப்படித்தான். எவ்ளோ அழுத்தம் வந்தாலும் அசையல. எந்த முடிவும் எடுக்க வெக்க முடியல என்னைய!"

கைதட்டல் ஓயவில்லை. மூன்றடி நீள அட்டைச் சாவி ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்கள். மையத்தின் நிஜச் சாவி எங்கே என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. குடுவையை முகப்புக்கூடத்தில் விளக்குப் போட்டு, கயிறு கட்டி, காட்சிக்கு வைத்தார்கள். 'டான்ஶ்ரீ தொட்டது' என்று கீழே ஒரு பலகை.

நிஜக் குடுவை திங்கட்கிழமை விழுந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றைந்தாம் நாள், காலை பதினொன்று ஐந்து. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மேல் விளிம்பில் மெலிதாக ஒரு கோடு தெளிந்தது. பிறகு வெள்ளைக்குள்ளே சின்னச் சின்ன வாய்க்கால்கள் திறந்துகொண்டன. மொத்தமும் மெதுவாக, பிறகு வேகமாக, கீழே இறங்கியது. யாரும் தொடவில்லை, யாரும் பேசவில்லை. மஸ்தூரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "விழுது அங்கிள், தானா விழுது" என்று கேமராவுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் முணுமுணுத்தாள். இந்த வேலையில் சேர்ந்ததற்காக நான் உண்மையாகச் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான்.

அன்று பிற்பகலே தரவோடு உயர்கல்வி நிலையத்துக்குப் போனோம். புவான் ரொஹாயு படிவத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"மாதிரி எண் 0617 முகப்புல நிக்குது. நான் இப்பதான் பாத்துட்டு வரேன். நின்னுக்கிட்டு இருக்கிற ஒண்ணு எப்படிம்மா விழும்?"

"அது வேற புவான். இது..."

"இதுக்கு எண் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது இல்ல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பரிவோடு சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "முகப்புல இருக்கிறது விழட்டும், அந்தத் தேதியப் போட்டுத் தாக்கல் பண்ணு. செப்டம்பர் முப்பதுக்குள்ள விழலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் படிப்பு போகும், எனக்கு ஓய்வூதியம் போகும். சொல்லாவிட்டால் அவள் ஒரு பலகாரம் கெட்டுப்போன தேதியை ஆய்வேட்டில் எழுதவேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை. நிஜக் குடுவையின் தரவைத்தான் எழுதினாள். புவான் ரொஹாயு கேட்ட தேதிக்கு மட்டும் தாக்கல் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டாள்.

அந்தக் கட்டத்தை முகப்புக்கூடமே நிரப்பியது. செவ்வாய்க்கிழமை தௌ ஃபூ ஃபா தண்ணீர் விட்டது. புதன்கிழமை வாடை வந்தது. வரவேற்பாளர் பெண் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆனால் டான்ஶ்ரீ தொட்டதை அகற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்கள் பார்த்தபோது மஞ்சள் தண்ணீருக்கு அடியில் ஒரு கூழ் கிடந்தது, மேலே பச்சைப் பூஞ்சை. டத்தோ ஷம்ரின் ஒரே மணி நேரத்தில் அறிக்கை விட்டார். 'எதிர்பார்த்த இலக்கை எட்டு வாரம் முன்னதாகவே எட்டியுள்ளோம். பச்சை நிறம் எங்கள் பசுமைக் கொள்கைக்குக் கிடைத்த கூடுதல் சான்று.' புவான் ரொஹாயு கட்டத்தில் தேதியைப் போட்டு முத்திரை குத்தினார்.

வாய்மொழித் தேர்வு செப்டம்பர் இறுதியில். எங்கள் வழக்கப்படி தேர்வுக்கு உட்காருபவர்தான் தேர்வாளர்களுக்குத் தீனி வாங்கிவரவேண்டும். ஐந்து வருடம் படித்ததை மதிப்பிட வருகிறவர்களுக்குப் பசிக்கும். என்ன வாங்க என்று கேட்டேன். மஸ்தூரா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "தௌ ஃபூ ஃபா. பாகோட." 

டத்தோ தலைமை தாங்கினார், பக்கத்தில் புவான் ரொஹாயு குறிப்பெடுக்க. பேராசிரியர் ஊய் அதிசயமாக வந்திருந்தார், கைபேசியில் இன்னொரு கூட்டத்திலும் இருந்தார். வெளித்தேர்வாளர் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மாள், திரையில். படம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டிருந்தார்கள்.

டத்தோ இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் பக்க எண் பற்றியவை. பிறகு திரையில் இருந்த அம்மாள் முன்னால் குனிந்தார். ஆய்வேட்டை முழுக்கப் படித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "உங்க நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துப் படம். சரியறதுக்கு மொத நாள் மேல் விளிம்புல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார். அதோடு இணைப்பு நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவர் முகம் திரையில் அப்படியே இருந்தது. மஸ்தூரா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "சின்ன என்ன? அங்கிள், லைன் போடுங்க, சின்ன என்ன?" என்று பதறினாள். நான் எல்லா ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன்.

"பரவால்ல," என்றார் டத்தோ. "அவங்க முகத்தப் பாத்தா ஆச்சரியப்பட்டிருக்காங்கன்னு தெரியுது. திருப்தின்னு போட்டுக்குங்க புவான். சரி, முகப்புல விழுந்த தேதிக்கும் ஒன் ஆய்வேட்டுல இருக்கிற தேதிக்கும் நாலு நாள் வித்தியாசம் வருதே, ஏன்?"

கேட்டுவிட்டுக் கிண்ணத்தில் கரண்டியை விட்டார்.

மஸ்தூரா ஒரு கணம் திரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஏன்னா முகப்புல இருந்தது ஜெல் இல்ல, டத்தோ. நெஜக் குடுவ ஆய்வகத்த விட்டு நகரவே இல்ல. டான்ஶ்ரீ தொட்டது இதத்தான். நீங்க இப்ப சாப்புட்டுக்கிட்டு இருக்கீங்களே, இது."

பேராசிரியர் ஊய் கைபேசியைக் கீழே வைத்தார். எத்தனையோ வருடம் கழித்து அவர் ஒரு கூட்டத்தில் மட்டும் இருந்தார். நான் என் ஓய்வூதியத்துக்கு மனதுக்குள் விடை கொடுத்துவிட்டேன். டத்தோவின் கரண்டி வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றது. ஏர்கண்டிஷனர் சத்தம் கேட்டது. பிறகு கரண்டி வாய்க்குப் போயிற்று. அவர் நிதானமாக விழுங்கினார்.

"அதாவது," என்றார், "உள்ளூர் மூலப்பொருள்."

"டத்தோ?"

"வெளிநாட்டு பிளாஸ்டிக் உருண்டைக்குப் பதிலா சோயா. செலவு கம்மி. சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஹலால். நாலு நாள் வித்தியாசத்துல அதே முடிவு! ஏம்மா, இவ்ளோ பெரிய கண்டுபிடிப்ப ஆய்வேட்டுல ஒரு வரிகூட எழுதாம விட்டுட்டியே! இதுக்குத்தான் வழிகாட்டல் வேணும்கிறது. எழுதிக்குங்க புவான். புத்தாக்கக் கண்காட்சிக்கு அனுப்பணும். என் பேரு மொதல்ல."

"நான் பொய் சொன்னேன்னு சொல்றேன் டத்தோ."

"அடக்கம் நல்லதுதான். அளவோட இருக்கட்டும்," என்று கிண்ணத்தை இரண்டாவது தடவை நீட்டினார்.

அறையை விட்டு வெளியே வந்த பிறகு புவான் ரொஹாயுவிடம் நானே கேட்டேன், விசாரணை இருக்குமா என்று. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "விசாரணன்னா, டான்ஶ்ரீ மேளதாளத்தோட ஒரு பலகாரத்தத் தெறந்து வெச்சாருன்னு எழுதணும் என்சிக் குணா. அதுக்கு நம்மகிட்ட ஃபாரம் இல்ல."

மஸ்தூரா தேர்ச்சி பெற்றாள். திருத்தங்கள் நாற்பத்தொன்று. மேல் ஓரம் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கவேண்டும், நன்றியுரையில் டான்ஶ்ரீயின் பெயர் பெற்றோருக்கு முன்னால் வரவேண்டும், இப்படி. நாற்பத்தொன்றாவது, 'சரிவு' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'நிலை மேம்பாடு' என்று மாற்றவேண்டும். அவள் நாற்பதைச் செய்தாள். கடைசியைச் செய்யவில்லை. யாரும் படிக்காததால் இன்றுவரை யாருக்கும் தெரியாது. சோயா ஜெல்லுக்குக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது. ஆ சேங் கையில் அந்தச் செய்தித்தாளைக் கொடுத்தேன், அதில்தான் அன்றைக்குக் கரண்டி சுற்றிக் கொடுத்தார்.

மஸ்தூரா ஸ்காட்லாந்து அம்மாளுக்கு அன்றே எழுதினாள், "சின்ன என்ன?" என்று. நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது, முழுக்க முழுக்கக் கேள்விகள். அவளை வந்து சேரச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று ஆய்வகத்துக்கு வந்தாள். விழுந்து கிடந்த குடுவையை எடுத்து நன்றாகக் குலுக்கினாள். மறுபடி பால் மாதிரி ஆனது. கல் மேசையில் வைத்து, புதுக் கண்ணாடிப் பெட்டியால் மூடி, கேமராவைப் போட்டாள்.

"நாள் ஒண்ணு அங்கிள். பாத்துக்குவீங்களா?"

"ஓய்வு பெறுற வரைக்கும் யாரையும் விடமாட்டேன்மா," என்றேன். 

தொண்ணூற்றோராம் நாள் காலையில் பார்த்தால் கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு அட்டை. 'தொண்ணூறு நாளாக அசையாத பொருள். அகற்றவும்.' பட்ருல் வண்டி கொண்டுவரப் போயிருந்தார். நான் அட்டையைக் கொஞ்சங்கொஞ்சமாக, பெட்டி ஆடாமல் உரித்தேன். அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினேன். நெகிழ்பொருள் உன்னத மையத்தின் கதவில், பித்தளைப் பலகைக்கு நேர் கீழே, அழுத்தி ஒட்டினேன். சொத்துப் பதிவுக்காரர் மாதிரிக் கட்டைவிரலால் தேய்த்தும் விட்டேன். அட்டை இல்லாத பொருளைத் தூக்க விதி இல்லை என்று பட்ருல் வெறும் வண்டியோடு திரும்பிவிட்டார்.

போன வாரம் ஐந்து ஒழுங்குத் திட்டத்தின் தணிக்கைக் குழு வந்தது. கதவைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். சிவப்பு அட்டை கோணாமல் நேராக ஒட்டப்பட்டிருப்பதாகப் பாராட்டி அந்த மாடிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். டத்தோ போய் வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து பார்க்கலாமென்று யாருக்கும் தோன்றவில்லை. கீழே குடுவைக்கு இன்று நூற்று முப்பத்திரண்டாம் நாள்.